உறங்குநர், இரண்டாம் நிலை

எழுப்புதல் பட்டியல் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றேகால். துளசிமணி அதைத் திரையில் மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள், கீழிருந்து மேலாக ஒரு முறை பார்த்தாள். மூன்றாவது முறை பெயரை விட்டுவிட்டுப் பதிவு எண்ணைக் கொடுத்துத் தேடினாள். தன் கைபேசி எண்ணையே யோசித்துச் சொல்கிறவள், புருஷனுடைய வேலைவாய்ப்புப் பதிவு எண்ணை மட்டும் எப்போது கேட்டாலும் கடகடவென்று ஒப்பிப்பாள். "பதிவு காணப்படவில்லை" என்றது திரை.

பக்கத்து மேசைகளில் ஒரே கொண்டாட்டம். ஒருத்தருக்கு அண்ணன் பெயர் வந்திருந்தது, இன்னொருத்தருக்கு மாப்பிள்ளை. இரண்டரை வருடமாகத் தூங்குகிறவர்களை வருகிற ஒண்ணாம் தேதி முதல் வரிசைப்படி எழுப்பப் போகிறார்கள் என்றால் கொண்டாட மாட்டார்களா? துளசிமணி எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். வந்து உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். தாகமெல்லாம் ஒன்றும் இல்லை, ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை.

நம் மாநிலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மதிப்பெண் பட்டியலின் சூடு ஆறுவதற்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிடுவோம். பிறகு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்போம். அதன் மூலமாக வேலை கிடைத்த ஆளை நேரில் பார்த்ததாகச் சொன்னவர் யாரும் இல்லை. ஆனால் புதுப்பிக்காமல் விட்டவரும் இல்லை. சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறவர்கூடப் புதுப்பிப்பார். பதிவு மூப்பு போய்விடும் என்று ஒரு பயம். கல்யாண நாளை மறந்தாலும் புதுப்பிக்கும் மாதத்தை மறக்காத குடும்பங்கள் துளசிமணியின் ஊரான செங்காட்டுப்பாளையத்தில் தெருவுக்கு இருபது இருந்தன.

அப்படி ஒரு காகிதத்துக்குத் திடீரென்று உயிர் வந்தது நுரைக் காய்ச்சல் காலத்தில்தான். காய்ச்சல் வந்த முதல் வருடமே ஊரில் இருந்த பனியன் கம்பெனிகளில் முக்கால்வாசி பூட்டிவிட்டார்கள். பூட்டாதவர்கள் பத்து ஆள் இருந்த இடத்தில் மூன்று ஆளை வைத்துக்கொண்டார்கள். கூட்டம் குறைந்த கம்பெனியில் தைத்த துணி என்று சான்றிதழ் இருந்தால் வெளிநாட்டுக்காரன் கூடுதல் விலை கொடுத்தான். மிச்ச ஏழு பேர் என்ன செய்வது? அரசாங்கம் எத்தனை நாளைக்குத்தான் அரிசி போடும்? அந்த நேரத்தில்தான் துயில் ஊசி வந்தது. ஓர் ஆளை ஒரு மாதம் தூங்கவைக்க ஆகும் செலவு, அவனுக்கு நான்கு நாள் சோறு போடும் செலவுதான். தூங்குகிறவனுக்குக் காய்ச்சல் தொற்றாது. தூங்குகிறவன் மறியல் செய்ய மாட்டான். குடும்பத்துக்கு மாதாமாதம் துயில்படி வீடு தேடி வரும். விருப்பம் உள்ளவர்கள் படுத்துக்கொள்ளலாம், வேலை வரும்போது பதிவு மூப்புப்படி எழுப்புவோம் என்றார்கள்.

விருப்பம் என்ன பெரிய விருப்பம்! பசித்தவனிடம் விருப்பமா என்று கேட்டால் அவன் என்ன சொல்லுவான்? ஆறு மாதத்தில் மாநிலம் முழுக்க முப்பத்தெட்டு லட்சம் பேர் படுத்துவிட்டார்கள்.

படுத்தவர்களை என்ன கணக்கில் வைப்பது என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கு யாரோ ஒரு புத்திசாலி வழி சொன்னார். உறக்கத்தையே ஒரு பணியிடமாக ஆக்கிவிட்டார்கள். பட்டதாரி என்றால் உறங்குநர், முதல் நிலை. பன்னிரண்டாம் வகுப்பு என்றால் உறங்குநர், இரண்டாம் நிலை. அதற்கு ஊதிய விகிதம் உண்டு, பணி விதிகள் உண்டு, விடுப்பு மட்டும் கிடையாது. அன்றிலிருந்து மாநிலத்தில் வேலையில்லாதோர் எண்ணிக்கை சுழி. தினமும் காலை ஏழு மணிக்கு வானொலியிலும் தெருமுனை ஒலிபெருக்கியிலும் அந்தச் சுழியைச் சொன்னார்கள்.

துளசிமணியின் புருஷன் ஈஸ்வரமூர்த்தி, துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். உறங்குநர், இரண்டாம் நிலை. இப்போது பட்டியலில் இல்லாதவர்.

துளசிமணி அலுவலர் அறைக்குள் போனாள். ஆறுமுகநயினாருக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இந்த ஊருக்கு வந்து பதினைந்து வருடம் ஆகியும் பேச்சு மாறாதவர். அவர் மேசையில் அதே பட்டியல் அச்சாகி இருந்தது.

"சார், என் வீட்டுக்காரர் பேரு இல்லீங்க."

"தெரியும்மா."

"ஏன் இல்லீங்க?"

"புரட்டாசியில புதுப்பிச்சிருக்கணும். புதுப்பிக்கலை. விழுந்துட்டு."

"நான் புதுப்பிக்கப் பார்த்தனுங்க சார். விண்ணப்பதாரர் பணியில் உள்ளார், புதுப்பிக்க இயலாதுன்னு வந்துச்சுங்க. உங்ககிட்டயே குறிப்பு எழுதிக் குடுத்தேன்."

"நானும் மேல அனுப்பினேன். காய்ச்சல் காலத்துக்குன்னு ரெண்டு வருசம் புதுப்பிக்காண்டாம்னு விலக்கு குடுத்தாங்க. ஆடியோட அது முடிஞ்சுட்டு. வேலையில இருக்கவன் வேலை இல்லேன்னு எழுதிக் குடுத்துப் புதுப்பிக்க முடியாது. புதுப்பிக்காதவன் பட்டியல்ல இருக்க முடியாது. ரெண்டு விதியும் சரியாத்தான் இருக்கு. சேந்து நிக்கையிலதான் மனுசன் விழுந்துருதான்."

"தூங்கறது ஒரு வேலையாங்க சார்?"

"அரசாணை அப்படித்தான சொல்லுது."

துளசிமணியின் கால் மேசைக்கடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. "இந்த மாதிரி எத்தனை பேருங்க?"

"நம்ம மாவட்டத்துல பதினோராயிரத்து நானூறு."

"ஒருத்தர்கூடக் கேக்கலீங்களா?"

"மனு விண்ணப்பதாரர்தான் குடுக்கணும். விண்ணப்பதாரர் தூங்குதாரு." அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "யம்மா, நல்லா யோசிச்சுப் பாரு. தடுப்பு மருந்து வந்தாச்சு, கம்பெனிக்காரன் ஆள் கேக்கான். பட்டியல்ல இருக்கவன எழுப்பினா அவனுக்கு ஒரு கம்பெனி காத்திருக்கு. இல்லாதவன எழுப்பினா அவன் யாரு? வேலையில்லாதவன். ரெண்டரை வருசமா உலகத்துல எங்கயும் இல்லாத சுழியைக் கட்டிக் காப்பாத்திட்டு, அதை எவன் போயிக் கெடுப்பான்?"

"அப்ப அவிய அப்படியே கெடக்க வேண்டியதுதானா?"

"முப்பத்தொண்ணாந்தேதி சாயங்காலம் மலைக்கிடங்குக்கு ஏத்துதாங்க. அங்க குளிரு சும்மா கெடைக்கும், இன்னும் செலவு கொறையும். எப்பம் எறக்குவாங்கன்னு தாக்கீதுல எழுதலை."

துளசிமணியே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் இருக்கிறவர்களுக்கெல்லாம் புதுப்பித்துக் கொடுத்துவிட்டு, சொந்தப் புருஷனைக் கோட்டை விட்டுவிட்டாள். மேலிடத்தில் பார்த்துச் சரிசெய்வார்கள் என்று நம்பிக் குறிப்பு எழுதியதோடு சும்மா இருந்தது தன் தப்புதான் என்று அவளுக்குப் பட்டது.

"வேற வழியே இல்லீங்களா சார்? ஒரே ஒரு ஆளை எழுப்பறதுக்கு?"

அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "என்னம்மா வழி? வேலையில இருக்கவன நேர்ல கூப்பிடணும்னா ஒண்ணு அவனுக்கு விருது குடுக்கணும், இல்லேன்னா மெமோ குடுக்கணும். தூங்குத வேலையில உம் புருசன் என்ன தப்பு பண்ணிருவான்?"

சொல்லிவிட்டுத் தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தார். துளசிமணி சிரிக்கவில்லை.

அன்று மதியச் சாப்பாட்டை அவள் தொடவில்லை. உறங்குநர் பணி விதிகள் என்ற புத்தகம் அலமாரியில் பிரிக்கப்படாமல் இருந்தது. வேறு ஏதோ துறையின் விதிகளை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்திருந்தார்கள். அவசரத்தில் செய்த வேலை. பயணப்படி பற்றிக்கூட ஓர் அத்தியாயம் இருந்தது. ஒழுங்கு நடவடிக்கை அத்தியாயத்தில் அவள் தேடியது கிடைத்தது. குற்றச்சாட்டுக் குறிப்பாணையைப் பணியாளர் தன்னுணர்வோடு நேரில் பெற்றுக் கையொப்பமிட வேண்டும். தன்னுணர்வோடு என்றால் எழுப்பித்தான் ஆக வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அன்றே பணிநீக்கம். பணியில் இல்லாதவரைத் துயில் மண்டபத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது, வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். மறுத்தால் விசாரணை முடியும்வரை மீண்டும் பணியில் சேர வேண்டும். அதாவது மறுபடியும் ஊசி.

அந்தக் கடைசி வரியை அவள் மறுபடியும் படித்தாள். ஈஸ்வரமூர்த்தியைப் பற்றி அவளுக்குத் தெரியாதா! காய்ச்சலுக்கு முன்னால் ஒரு கம்பெனியில் நாற்பது பீஸ் வீணாகிவிட்டது. யார் செய்தது என்று தெரியவில்லை. சூப்பர்வைசர் இவர் பெயரை எழுதி, மன்னிப்புக் கடிதத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு மிஷினில் உட்காரச் சொன்னார். "பண்ணாத தப்புக்கு நான் ஏன் போடோணும்?" என்று கத்தரிக்கோலை வைத்துவிட்டு வந்துவிட்டார். மூன்று மாதம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். சட்டைக்குப் பொத்தான் வைப்பதும் பழைய துணியைப் பிரித்துத் தைப்பதுமாக அப்போதும் கை ஓயவில்லை. அந்த மனுஷனிடம் பொய்க் குற்றச்சாட்டை நீட்டி, ஒப்புக்கொள் என்றால்? குற்றம் சாட்டிய அலுவலகத்தில் விசாரணை அலுவலரைத் தவிர வேறு யாரும் அவரிடம் பேசவும் கூடாது என்று விதி வேறு இருந்தது.

ஆனாலும் தட்டச்சு செய்தாள். வேறு என்ன செய்வது?

"திரு. ஈஸ்வரமூர்த்தி, உறங்குநர், இரண்டாம் நிலை என்பவர் பணி நேரத்தில் விழித்திருந்தது கண்டறியப்பட்டுள்ளது. இச்செயல் உறங்குநர் பணியின் அடிப்படைக் கடமைக்கு முற்றிலும் முரணானதாகும்."

தேதிக்கும் நேரத்துக்கும் இடம் விட்டாள். சாட்சியின் கையெழுத்துக்கும் இடம் விட்டாள்.

அந்த வட்டாரத்து உறங்குநர்களை ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். வாசலில் "நல்வரவு" விளக்குப் பலகையைக் கழற்றவில்லை. பந்தி நடக்கும் கூடத்தில் அறுநூற்றுப் பத்துக் கட்டில்கள். மணமேடையில் குளிரூட்டும் இயந்திரங்கள் நின்றன. மணமகள் அறை என்று எழுதிய கதவுக்குப் பின்னால் மருந்துகள். சனிக்கிழமைதோறும் குடும்பத்தார் பதினைந்து நிமிடம் பார்க்கலாம். ஆரம்பத்தில் திருவிழாக் கூட்டம் வந்தது. போகப் போக வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். துளசிமணி ஒரு சனிக்கிழமையும் விட்டதில்லை.

வந்தால் பேசிக்கொண்டே இருப்பாள். வீட்டு ஓனர் மோட்டார் போடாதது, தக்காளி விலை, அலுவலகத்தில் நடக்கும் சண்டை. ஈஸ்வரமூர்த்தி அசையாமல் கிடப்பார். வலது காலின் முன்பாதம் மட்டும் அவ்வப்போது ஓர் அமுக்கு அமுக்கும். அது நரம்பு, ஒன்றும் இல்லை என்று செவிலி சகாயமேரி சொல்லியிருந்தாள். கேட்காதவரிடம் பேசுவதில் ஒரு வசதி உண்டு, மற்றவரிடம் சொல்ல முடியாததைச் சொல்லலாம். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை அவள் அப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு அழுதாள். போன வைகாசியில் ஓர் அயர்னிங் பிரிவுக்கு அவரைக் கேட்டு ஆள் கேட்பு வந்தது. எழுப்பக் குடும்பத்தார் ஒப்புதல் வேண்டும். அவள் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டாள். அந்தப் பிரிவில் அப்போதுதான் இரண்டு பேர் காய்ச்சலில் செத்திருந்தார்கள், அந்தப் பயம் ஒரு காரணம். அங்கே கொடுத்த சம்பளம் துயில்படியைவிடக் குறைவு, அது இன்னொரு காரணம். எது பெரிய காரணம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. ஆடிக்குப் பிறகு, இந்தப் பட்டியல் வரும்வரை, ஒரு கம்பெனியும் ஆள் கேட்கவில்லை, ஓர் ஆளையும் எழுப்பவில்லை.

இந்தச் சனிக்கிழமை அவள் கட்டில் பக்கம் போகவில்லை. நேராக சகாயமேரியிடம் போய்க் காகிதத்தை நீட்டினாள்.

சகாயமேரி படித்தாள். "என்னக்கா இது? அண்ணன் முழிச்சிருந்ததை நான் பாத்தேன்னு எழுதியிருக்குது?"

"ஆமாம் மேரி. நீதான் சாட்சி."

"பொய்ச் சாட்சியா?"

"பொய்தான். உன்ற வேலைக்கு ஆபத்துன்னு எனக்குத் தெரியாதா? இல்லீன்னா வெள்ளிக்கிழமை மலைக்கு ஏத்திருவாங்க. அப்புறம் நான் அவரைப் பாக்கவே முடியாது. உன்ற காலுல வேணாலும் உழுகறேன்."

அவள் திட்டுவாள், மாட்டேன் என்பாள், அரை மணி நேரமாவது கெஞ்ச வேண்டியிருக்கும் என்று துளசிமணி நினைத்து வந்திருந்தாள். சகாயமேரி அப்படி எதுவும் செய்யவில்லை. கூடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டாள்.

"தேதியை நான் போட்டுக்கறேன். பதினெட்டுன்னு போட்டர்றேன்" என்றாள் துளசிமணி.

"பதினெட்டு வேண்டாங்க்கா. இருபத்தொண்ணுன்னு போடுங்க. காத்தால ஏழு மணி."

"ஏன்?"

"ஒண்ணுமில்லீங்க்கா. சும்மாதான். போடுங்க."

துளசிமணிக்கு இருந்த அவசரத்தில் அதை மேற்கொண்டு கேட்கவில்லை. இருபத்தொன்று, காலை ஏழு மணி என்று எழுதிக்கொண்டு ஓடினாள்.

ஆறுமுகநயினார் காகிதத்தை மூக்குக்கு அருகில் வைத்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார். அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"இது நெசமா?"

"கண்ணால பாத்த சாட்சி இருக்குதுங்க சார்."

"அன்னைக்கு நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்."

"நான் வெளையாடுலீங்க சார்."

அவர் கையெழுத்துப் போட்டார், முத்திரையைத் தேடிப் பிடித்துக் குத்தினார். "நான் இதைப் படிக்கலை, சரியா? கட்டோட கட்டா வந்தது, போட்டேன்." பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "என் தம்பி மவன் ஒருத்தன் இங்க வேலைக்கு வந்தான். நான்தான் வரச் சொன்னேன். அந்தப் பதினோராயிரத்துல அவனும் கெடக்கான்."

முப்பத்தொன்றாம் தேதி காலையிலேயே மண்டப வாசலில் நான்கு குளிர்சாதன லாரிகள் வந்து நின்றுவிட்டன. ஓட்டுநர்கள் "நல்வரவு" பலகையின் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஏற்ற வேண்டிய கட்டில்களின் காலில் சகாயமேரி மஞ்சள் நாடா கட்டியிருந்தாள். அந்தக் கூடத்தில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு நாடா.

ஈஸ்வரமூர்த்தியின் கட்டிலைச் சுற்றி ஒரு திரை போட்டார்கள். எட்டு மணிக்கு மருந்தை நிறுத்தினார்கள். உடம்புச் சூடு படிப்படியாக ஏற ஆறு மணி நேரம் ஆகும். விசாரணை அலுவலர் என்ற முறையில் ஆறுமுகநயினார் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். துளசிமணி மூன்றடி தள்ளி நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. அவளால் நிற்கவும் முடியவில்லை. வாசல்வரை போவாள், லாரியைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். கண் ஜாடை காட்டினால் புரிந்துகொள்வாரா? தலையை ஆட்டினால்? ஒப்புக்கொள்ளுங்க, ஒப்புக்கொள்ளுங்க என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கோபக்காரர். தூங்கி எழுந்ததும் எதிரே ஒரு பொய்க் காகிதத்தைப் பார்த்தால் கிழித்துப் போட்டாலும் போடுவார்.

இரண்டே கால் மணிக்கு அவர் கண்ணைத் திறந்தார்.

இரண்டரை வருடம் தூங்கியவர் எங்கே இருக்கிறோம் என்று கேட்பார், என்ன வருடம் என்று கேட்பார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஈஸ்வரமூர்த்தி எதையும் கேட்கவில்லை. மேலே மின்விசிறியைப் பார்த்தார். சகாயமேரியைப் பார்த்தார். துளசிமணியைப் பார்த்ததும் பார்வை அங்கேயே நின்றது. உதடு துடித்தது. சகாயமேரி பஞ்சில் தண்ணீர் தொட்டு வாயை நனைத்தாள்.

ஆறுமுகநயினார் தொண்டையைச் செருமினார். "திரு. ஈஸ்வரமூர்த்தி, உங்க மேல ஒரு குற்றச்சாட்டு. வாசிக்கேன், கேளுங்க." வாசித்தார். அவசரமாக, இடறி இடறி வாசித்தார். பணி நேரத்தில் விழித்திருந்தது என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது. முடித்துவிட்டுக் காகிதத்தையும் பேனாவையும் கட்டிலில் வைத்தார். "ஒத்துக்கிடுதீங்களா, மறுக்கீங்களா?"

ஈஸ்வரமூர்த்தி காகிதத்தைக் கையில் வாங்கினார். விரல்கள் சரியாக மடங்கவில்லை. அவரே ஒரு தரம் படித்தார். கண் வரிவரியாக நகர்வதைத் துளசிமணி பார்த்துக்கொண்டிருந்தாள். கண் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. முகம் மாறியது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவளுக்குத் தோன்றியது. விதியாவது மண்ணாவது என்று வாயைத் திறந்துவிட்டாள்.

"ஏனுங்க, தயவு பண்ணி..."

அவர் பேனாவை எடுத்தார். ஒப்புக்கொள்கிறேன் என்ற கட்டத்தில் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். பிறகு, துருப்பிடித்த குரலில், மூன்று பேரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஆறுமுகநயினார் திரும்பிச் சகாயமேரியைப் பார்த்தார். ஈஸ்வரமூர்த்தி தொடர்ந்தார்.

"முதல் ரெண்டு வருசம் ஒண்ணும் தெரியில. நல்லாத்தான் தூங்கினேன். ஆவணி வாக்குல ஒரு நாளு காத்தால ரேடியோச் சத்தம் கேட்டுச்சு. வேலையில்லாதவங்க சுழின்னு சொன்னான். முழிப்பு வந்துருச்சு. கண்ணு திறக்கோணும்னு பாக்கறேன், முடியில. கையி வரலை. மருந்து உடம்பைத்தான் கட்டுது. அதுக்கப்புறம் தூக்கமே இல்ல." நிறுத்தி மூச்சு வாங்கினார். "கத்துனேன். எத்தனை கத்து கத்தியிருப்பேன்! ஆருக்கும் கேக்கல. பைத்தியம் புடிச்சுரும்னு பயந்துட்டு, மனசுக்குள்ளயே மிஷின்ல உக்காந்துட்டேன். தினம் ஐநூறு பீஸ் தைப்பேன். கழுத்து, கை, அடி மடிப்பு. ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு. காலு மட்டும் கொஞ்சம் சொன்ன பேச்சு கேட்டுது."

துளசிமணி அந்த வலது பாதத்தைப் பார்த்தாள். நரம்பு என்று சொன்ன அந்த அமுக்கு. அவர் பெடலை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இருபத்தொண்ணாந்தேதி" என்றாள் சகாயமேரி. "அன்னிக்கு ரேடியோ போட்டப்ப அண்ணன் கண்ணோரத்துல தண்ணி வந்துச்சு. கண்ணுல விடற மருந்து வழிஞ்சுதுன்னு புத்தகத்துல எழுதிட்டேன். மருந்து அன்னிக்கு நான் விடவே இல்ல. எனக்கு பயமா இருந்துச்சுக்கா. அப்படி இருக்காது, இருக்காதுன்னு எனக்கு நானே சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

துளசிமணி கட்டிலருகே வந்து மண்டிபோட்டாள். ஆவணிக்குப் பிறகுதான் தீபாவளி. அந்தக் கணக்கு அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் அவர் கையைப் பிடித்தாள், பிடித்துவிட்டு, பிடிக்கத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் விட்டாள்.

"நான் சொன்னது... வைகாசியில நான் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டது..."

"கேட்டுச்சு."

"என்னை மன்னிச்சுருங்க."

"ரொம்பக் கோவம் வந்துச்சு. பத்து நாளு உன்னைத் திட்டிட்டே தைச்சேன்." அவர் கண்ணை மூடித் திறந்தார். "ஆனா அன்னிக்கு நீ அழுதயே, அப்ப அழுவாதேன்னுதான் சொன்னேன் புள்ள. உனக்குக் கேக்கல."

அவள் வாய்விட்டு அழுதாள். அலுவலர் இருக்கிறார், விதி இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு நினைவில் இல்லை. ஈஸ்வரமூர்த்தி அவள் தலையில் கையை வைத்தார். கை கனமாக, அசையாமல் கிடந்தது. ஆனால் சூடாக இருந்தது.

ஆறுமுகநயினார் எழுந்து நின்றிருந்தார். திரை விலகியிருந்த இடைவெளியில் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதே மாவட்டத்தில் எங்கோ, வேறு மண்டபத்தில் அவருடைய தம்பி மகன்.

"தம்பி," என்றார், "நீங்க மட்டுமா, இல்ல..."

ஈஸ்வரமூர்த்தி பக்கத்துக் கட்டில் இருந்த திசையில் முகத்தைத் திருப்பினார். "அவரு பேரு தெரியாதுங்க. சனிக்கிழமையானா மூச்சு வேகமா வரும். ஆராவது வருவாங்களான்னு பாப்பாராட்டம். மணி ஆயிருச்சுன்னு கதவைச் சாத்தின பொறவு, அழுவறவன் மூச்சு எப்படி இருக்கும், அந்த மாதிரி இருக்கும். அவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தருக்கும் அப்படித்தான். அதுக்கு அங்கிட்டு எனக்குக் கேக்காதுங்க."

வெளியே லாரிக்காரர் ஒருவர் ஒலிப்பானை இரண்டு தடவை அடித்தார். மூன்று மணிக்கு ஏற்ற ஆரம்பிக்க வேண்டும் என்று உத்தரவு.

ஆறுமுகநயினார் சட்டைப் பையிலிருந்து அலுவலக முத்திரையை எடுத்துச் செவிலியின் மேசையில் வைத்தார். "துளசிமணி, அந்த மெமோ நீ கொண்டு வந்த மடிக்கணினியில இருக்கா?"

"இருக்குதுங்க சார்."

"பேரை மட்டும் மாத்திட்டே வா. மஞ்ச நாடா கட்டினதுல ஆரம்பி. அது முடிஞ்சதும் மாவட்டம் பூரா அடிக்கணும். குறிப்பாணை நிலுவையில இருக்கவன இடம் மாத்தக் கூடாது, அதுவும் விதிதான். நான் போயி லாரிக்காரன்ட்ட சொல்லிட்டு வாரேன்."

"சாட்சிக் கையெழுத்து?"

"நான் போடறேன்" என்றாள் சகாயமேரி. "இதெல்லாம் பொய்ச் சாட்சி இல்லியே."

துளசிமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தாள். காலையிலிருந்து ஆடிக்கொண்டிருந்த கால் இப்போது ஆடவில்லை. விரல்கள் மட்டும் ஓடின. முதல் பெயர், பதிவு எண், உறங்குநர், முதல் நிலை, பணி நேரத்தில் விழித்திருந்தது கண்டறியப்பட்டுள்ளது. அடுத்த பெயர்.

சகாயமேரி ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கிப் போட்டாள். பிறகு மஞ்சள் நாடா கட்டிய முதல் கட்டிலுக்குப் போனாள். இரண்டரை வருடமாகத் தினமும் மூன்று வேளை அந்த ஆளைத் துடைத்து, திருப்பி, ஊசி ஏற்றியிருக்கிறாள். ஒரு நாளும் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று குனிந்து காதருகே வாயை வைத்தாள்.

"அண்ணா, உங்க பேரை அடிச்சுட்டிருக்கறாங்க. இன்னும் கொஞ்ச நேரந்தான். பொறுத்துக்குங்க."

கட்டிலில் கிடந்தவரின் மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு வேகமாக வர ஆரம்பித்தது.